நினைவுப் போர்வை

கெடில ஆறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த பழைய துறைமுக நகரம் கடலூர். அதற்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிதம்பரம். தில்லை என்னும் பழம்பெயர் தாங்கிய அந்நகரம் கூத்தப்பெருமான் திருக்கோயிலால் புகழ்பெற்றது, கல்வியாலும் புகழ்பெற்றது. அண்ணாமலைச் செட்டியார் அங்கு 1920-ஆம் ஆண்டில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அவர் வளர்த்த கல்வி நிலையங்கள் 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தன. கடலூர்த் துறைமுகச் சந்திப்பிலிருந்து புறப்படும் இரயில் வண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து சிதம்பரத்தை அடைகின்றது. கையில் நூல்களும் சோற்றுப் பெட்டியுமாக அவ்வழியே சென்று கற்றுத் திரும்பிய மாணவர் பலர்.

கற்றவர்க்குப் பட்டமளிப்பு விழா ஒரு திருநாள். நீண்ட மேலங்கி அணிந்து, பெயர் அழைக்கப்பட்டதும் மேடையேறி, மாணவர் தம் பட்டத்தைப் பெறுகின்றனர். அப்பட்டத் தாளில் அழகிய எழுத்துகளில் ஒரே ஒருவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அது முறையே, தேர்வு எழுதியவர் அவர்தாமே! ஆயினும் அந்த ஒரு பெயருக்குப் பின்னே எத்தனை பேர் நிற்கின்றனர்? விடியுமுன் எழுந்து சோறு சமைத்தவள் ஒருத்தி. கடலோடிப் பொருளீட்டியவன் ஒருவன். முதல் எழுத்தைக் கற்பித்த ஆசிரியர் ஒருவர். தான் கல்லாதிருந்தும் தங்கையைக் கற்கவிட்ட அண்ணன் ஒருவன். இவர்கள் பெயரெல்லாம் பட்டத் தாளில் இடம்பெறுவதில்லை. அவர்கட்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ? அவ்விடத்தைத் தருவதே நினைவுப் போர்வை.

பட்டம் பெற்றவர்க்கு மோதிரமும் கைக்கடிகாரமும் எழுதுகோலும் பரிசளிப்பது வழக்கம். அவை கடையில் கிடைப்பவை. நினைவுப் போர்வையோ எந்தக் கடையிலும் ஆயத்தமாகக் கிடைப்பதன்று. குடும்பத்தாரின் நிழற்படங்களைத் துணியில் பதித்து, வீட்டில் அணிந்து பழகிய ஆடைகளின் துண்டுகளோடு அவற்றை இணைத்து, அடியில் மெல்லிய துணி அடுக்குகள் வைத்துத் தைக்கப்படும் போர்வை அது. பொருட்செலவு சிறிது, கைம்முயற்சி பெரிது.

துண்டுத் துணிகளை இணைத்துப் பயனுள்ள பொருளாக்குவது நம் நாட்டுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டு இல்லங்களில் பாட்டியின் பழைய நூற்புடவையே பிறந்த குழந்தைக்குத் தூளியாகும். அதனையே பலமுறை மடித்துத் தைத்தால் குழந்தைக்கு மெத்தையாகும். பலகாலம் துவைத்துத் துவைத்து மென்மையுற்ற துணியே பிஞ்சு உடலுக்கு ஏற்றது என்பதைத் தாய்மார் நன்கு அறிவர். வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தைத்துக் 'காந்தா' என்னும் போர்வை செய்கின்றனர். கருநாடக மாநிலத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இன மகளிர், பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துச் சென்று 'கவந்தி' என்னும் போர்வையை உருவாக்குகின்றனர். அதன் மூலைகளில் மலர்போல் மடித்த துணியை வைத்துத் தைத்தாலன்றிப் போர்வை நிறைவுற்றதாக அவர்கள் கருதுவதில்லை. சிதம்பரத்தின் தேரோட்டத்தைக் கண்டோர் தேரில் தொங்கும் தொம்பைகளைக் கண்டிருப்பர். வண்ணத் துணிகளை வெட்டி மற்றொரு துணிமீது வைத்துத் தைக்கும் ஒட்டுவேலையின் பயனே அவ்வழகு.

துணியில் அன்பரின் பெயரைப் பொறித்துப் பிரிவுக் காலத்தில் பரிசளிக்கும் வழக்கம் பிற நாடுகளிலும் இருந்தது. 1840-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில், தொலைவிலுள்ள மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்வோர்க்கு நண்பர்கள் ஆளுக்கொரு துண்டு தைத்து, அதில் அழியாத மையால் தம் பெயரை எழுதி, எல்லாவற்றையும் இணைத்துப் போர்வையாக அளித்தனர். மீண்டும் காண்போமோ என்று ஐயுற்றுப் பிரிந்தவர்க்கு அப்போர்வை உறவின் சான்றாக விளங்கிற்று.

கடலூர்ப் பகுதியோ துணிக்கே பெயர்பெற்ற நிலம். 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலேய வணிகக் குழுவினர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்குப் பெற்று, அதற்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். அவர்களை இக்கரைக்கு ஈர்த்த பொருள்களுள் முதன்மையானது பருத்தித் துணி. கடலூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் துணிப்பொதிகள் கப்பலேறின. சோழமண்டலக் கரையில் வண்ணந்தீட்டப்பெற்ற படுக்கை விரிப்புகளை ஐரோப்பியச் செல்வர் விரும்பி வாங்கினர். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம் நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் விளைச்சலுக்கும் பெயர் பெற்றிருந்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அண்மையிலுள்ள குறிஞ்சிப்பாடியில் நெய்யப்படும் கட்டம்போட்ட கைலிகள் இன்றும் பலரால் விரும்பப்படுகின்றன.

இத்தகைய நிலத்தைக் கடல் ஒருநாள் சீறி எழுந்து தாக்கியது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்திரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த பேரலைகள் கடலூர் மாவட்டக் கரையில் புகுந்தன. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் படகுகளும் வலைகளும் அழிந்தன. பின்னர் 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, கூரைகளைப் பெயர்த்தது. முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது.

வீட்டை மீண்டும் கட்டலாம். வலையை மீண்டும் பின்னலாம். படகை மீண்டும் வாங்கலாம். பெட்டியில் இருந்த நிழற்படம் போனால் போனதே. இறந்தவரின் முகம் ஒரே ஒரு தாளில் இருந்து, அத்தாளும் நீரில் கரைந்துவிட்டால், அம்முகத்தைக் குழந்தைக்கு எவ்வாறு காட்டுவது? இவ்விழப்பின் அருமையைச் சப்பானியரும் உணர்ந்தனர். 2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நாட்டைப் பேரலைகள் தாக்கியபின், சேற்றில் புதைந்து கிடந்த நிழற்படங்களைத் தொண்டர்கள் ஒவ்வொன்றாக எடுத்தனர்; தூய நீரில் மெல்லக் கழுவினர்; கொடியில் உலர்த்தினர்; உரியவர் வந்து அடையாளங்கண்டு எடுத்துச் செல்லுமாறு காட்சிக்கு வைத்தனர். உணவும் உறைவிடமும் இழந்து நின்ற மக்கள், அப்படங்களைத் தேடி வந்தனர்.

நம் கரையிலும் துணியும் ஊசியும் துயர் துடைக்க வந்தன. 2005-ஆம் ஆண்டில் ஆரோவில்லில் இயங்கும் 'உபாசனா' என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தார், பேரலையால் தாக்குண்ட மீனவப் பெண்களுக்கு வெட்டுத் துணிகளால் சிறு பாவைகள் செய்யக் கற்பித்தனர். 'சுனாமிக்கா' எனப் பெயர் பெற்ற அப்பாவை விற்கப்படுவதில்லை, அன்பளிப்பாகவே வழங்கப்படுகின்றது. துயரால் நடுங்கிய கைகள் தைக்கத் தொடங்கியபோது, அக்கைகளுக்கு உறுதியும் மனத்துக்கு ஆறுதலும் கிடைத்தன.

பேரலை எழுந்த நாளில் கைக்குழந்தைகளாய் இருந்தோர் இன்று பட்டம் பெறும் பருவத்தை எட்டிவிட்டனர். அவர்களுள் ஒருத்தியின் குடும்பத்தைக் கற்பனையில் காண்போம். கடலூரை அடுத்த மீனவர் ஊர் ஒன்றில் அவள் பிறந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா தம் தோளில் கிடந்த குறிஞ்சிப்பாடிக் கைலியால் பேத்தியைச் சுற்றி எடுத்துக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார். அவளைத் தாயின் கையில் சேர்த்துவிட்டு, அண்டை வீட்டு முதியவளை அழைத்துவரத் திரும்பினார்; மீண்டும் வரவில்லை. வீட்டிலிருந்த படங்கள் யாவும் அலையோடு போயின. குழந்தையைச் சுற்றியிருந்த கைலி மட்டும் எஞ்சிற்று. ஆண்டுகள் சென்றன. அக்குழந்தை வளர்ந்து, நாள்தோறும் இரயிலேறிச் சிதம்பரம் சென்று பயின்று, பட்டத்துக்கு உரியவளானாள். அவளுக்கு நினைவுப் போர்வை தைக்கத் தாய் உறுதிகொள்கிறாள்.

முதற்பணி படங்களைத் தேடுவது. தம் வீட்டில் இல்லாதது உறவினர் வீட்டில் இருக்கலாம். சிதம்பரத்தில் வாழும் பெரியம்மா வீட்டுப் பேழையில் பெற்றோரின் திருமணப் படம் கிடைக்கின்றது. பள்ளி ஆண்டு விழாப் படத்தை ஆசிரியை ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார். தோழியர் தம் கைப்பேசிகளிலிருந்து கல்லூரி நாள்களின் படங்களை அனுப்புகின்றனர். இவ்வாறு திரட்டும்போது ஒரு நெறியை மறத்தல் ஆகாது. மூலப் படத்தை வெட்டவோ சூட்டுக்கு உட்படுத்தவோ கூடாது. அதனைப் படியெடுத்த பின், மூலத்தை உரியவரிடம் நன்றியோடு திருப்பித் தரவேண்டும். எடுத்த படியையும் இரண்டு இடங்களில் சேமித்து வைத்தல் நலம். ஒரே இடத்தில் வைத்த பொருளை ஒரே அலை கொண்டுபோகும் என்பதைக் கடற்கரை மக்கள் அறிவர்.

அடுத்த பணி படத்தைத் துணியில் பதித்தல். அதற்கு நெருக்கமாக நெய்த வெண்ணிறப் பருத்தித் துணி வேண்டும். புதுத் துணியில் கஞ்சிப் பசை இருக்கும். துவைத்தபின் துணி சுருங்கவும் கூடும். ஆகவே முதலில் துவைத்து உலர்த்தி, சுருக்கமின்றித் தேய்த்துக்கொள்ள வேண்டும். படத்தைத் துணிக்கு மாற்றுவதற்கென விற்கப்படும் தனித்தாளில் அச்சுப்பொறியால் படத்தை அச்சிடலாம். அவ்வாறு அச்சிடும்போது படம் கண்ணாடியில் காண்பதுபோல் இடவலம் மாறியிருத்தல் வேண்டும். மாற்ற மறந்தால் படத்திலுள்ள பள்ளியின் பெயர்ப்பலகை இடவலம் மாறிய எழுத்தாகத் தோன்றும். பின் அத்தாளைத் துணிமீது கவிழ்த்து, கெட்டியான பலகையின்மேல் வைத்து, நீராவி இல்லாத சூடான இஸ்திரிப் பெட்டியால் எல்லாப் பகுதியிலும் சீராக அழுத்த வேண்டும். ஓரங்களில் அழுத்தம் குறைந்தால் படம் விரைவில் உரியும்.

கதிரவன் ஒளியால் படம் பதிக்கும் பழைய முறை ஒன்றும் உண்டு. 1842-ஆம் ஆண்டில் சான் எர்செல் என்னும் ஆங்கில அறிஞர் அதனைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஆன்னா அட்கின்சு என்னும் பெண்மணி கடற்பாசிகளின் உருவங்களை அம்முறையில் பதித்து நூலாக்கத் தொடங்கினார். இரும்புச் சேர்மங்கள் கலந்த கரைசலைத் துணியில் பூசி இருட்டில் உலர்த்தி, படத்தின் எதிர்மறைப் பிரதியை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினால், ஒளிபட்ட இடம் மாறுதலடைகின்றது. நீரில் அலசியதும் வெள்ளையும் நீலமுமாக உருவம் தெளிகின்றது. வேதிப்பொருள்களைக் கையாள்வதால் இதனை மாணவர் பெரியோர் துணையோடு, கையுறை அணிந்தே செய்தல் வேண்டும். இந்நீலம் அவுரியின் நீலமன்று. ஆயினும் அவுரி விளைந்த மண்ணில் நீலப் படங்கள் அயலாகத் தோன்றா. சோடா கலந்த சவர்க்காரம் இந்நீலத்தை மங்கச் செய்யும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பின்னர் அளவு. ஒருவர் போர்த்துக்கொள்ளத்தக்க போர்வைக்கு வரிசைக்கு 5 கட்டமாக 7 வரிசை அமைக்கலாம். மொத்தம் 35 கட்டங்கள். ஒவ்வொரு துண்டையும் பத்தரை அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். நான்கு புறமும் கால் அங்குலம் தையலுக்குள் செல்ல, ஒவ்வொரு கட்டமும் 10 அங்குலமாக நிற்கும். இணைத்த துணி 50 அங்குல அகலமும் 70 அங்குல நீளமும் உடையதாகும். சுற்றிலும் 4 அங்குலக் கரை சேர்த்தால் அகலம் 58 அங்குலமும் நீளம் 78 அங்குலமும் ஆகும். சதுரங்கப் பலகையில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வருவதுபோல் படமும் வெறுந்துணியும் மாறிமாறி வருமாறு வைக்கலாம். நான்கு மூலைகளிலும் படம் வருமாறு தொடங்கினால் 18 கட்டங்களில் படமும் 17 கட்டங்களில் துணியும் அமையும்.

இந்த 17 கட்டங்களையும் வெற்றிடம் என்று எண்ணுதல் தவறு. மகளின் முதற் பள்ளிச் சீருடை ஒரு கட்டமாகலாம். தாயின் பழம்புடவை மற்றொன்றாகலாம். மீன் விற்கச் சென்ற ஆயாவின் தலைச்சும்மாட்டுத் துணி வேறொன்றாகலாம். படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பே இல்லாதவர்க்கும், எடுத்த படம் அழிந்துபோனவர்க்கும் இக்கட்டங்களே இடம் தருகின்றன. முகத்தைப் படம் காட்டும். உடுத்தவரின் உழைப்பைத் துணி காட்டும்.

கட்டங்களை முதலில் வரிசை வரிசையாகவும், பின் வரிசையோடு வரிசையாகவும் இணைத்துத் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலையும் பின்புறமாகத் தேய்த்துப் படியவைக்க வேண்டும். படத்தின்மேல் இஸ்திரிப் பெட்டியை நேரே வைத்தல் கூடாது. கடலூரின் வெப்பத்துக்குத் தடித்த பஞ்சு அடுக்குத் தேவையில்லை; பழைய நூற்புடவை இரண்டு மடிப்பே போதும். அடித்துணியை விரித்து, அதன்மேல் அப்புடவையையும் மேல்துணியையும் அடுக்கி, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பெரிய தையல்களால் தற்காலிகமாகப் பிணைக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் கூடிப் புடைத்துக்கொள்ளும். அதன்பின் மூன்று அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லுமாறு சிறு ஓட்டுத் தையல் இட வேண்டும். இவ்வேலையில் மகளின் தந்தையும் வந்து அமர்கிறார். வலை பின்னிப் பழகிய கைக்கு முடிச்சும் நூலும் புதியவை அல்லவே! கடலுக்குச் செல்லாத நாள்களில் அவர் இடும் தையல்கள் தாயின் தையல்களைவிடச் சற்றுப் பெரியவை, ஆயினும் உறுதியானவை.

அடித்துணியின் ஒரு மூலையில், படத்தில் உள்ளோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் நூலால் எழுதி வைத்தல் வேண்டும். பெயர் எழுதப்படாத முகம் இரண்டு தலைமுறையில் அயலார் முகமாகிவிடும். போர்வையை மென்மையான சவர்க்காரத்தால் கையால் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தை அடைத்து வைக்கும் பிளாஸ்டிக்குப் பையில் இடாமல், தூய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்தால் படம் வெடிக்குமாதலின், இடையிடையே மடிப்பை மாற்றுதல் நன்று.

விழா முடிகின்றது. மேலங்கியைக் களைந்த மகள், பட்டத்தோடு வீடு திரும்புகிறாள். தாய் போர்வையை விரிக்கிறாள். மகள் ஒவ்வொரு படத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். பின் நான்காம் வரிசையின் மூன்றாம் கட்டத்தில், போர்வையின் நட்ட நடுவில், அவள் விரல் நிற்கின்றது. அங்கே படம் இல்லை. நிறம் மங்கிய கட்டம்போட்ட கைலித் துணி ஒன்று மட்டும் இருக்கின்றது.

"நடுக்கட்டத்தில் ஏன் படம் இல்லை, அம்மா?" என்று அவள் வினவுகிறாள்.

"உன் தாத்தாவுக்குப் படம் இல்லையம்மா. அன்று உன்னைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த துணி இதுதான்" என்கிறாள் தாய்.

மகள் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த பட்டத் தாளை அந்தக் கட்டத்தின்மேல் மெல்ல வைக்கிறாள்.

கற்றவர் பெயர் தாளில் வாழும். கற்கச் செய்தவர் நினைவு கற்றவர் நெஞ்சில் வாழ வேண்டும். அந்நினைவைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் குளிர்க்குப் போர்த்துக்கொள்ளவும் தக்கதாக ஆக்குவதே நினைவுப் போர்வையின் பயன். பட்டம் பெறுவோர் யாவரும் தம் போர்வையின் நடுக்கட்டத்துக்கு உரியவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.